சிறையுணவும் இல்லத்து உணவும்: பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடும்பச் செலவுக் கணக்கின் வரலாறு

முன்னுரை

குறைந்த வருவாயைக் கொண்டு ஒரு குடும்பத்தின் பசியை ஆற்றுவது எவ்வாறு என்னும் வினா பெரும்பாலும் இல்லத்துப் பெண்களின் அன்றாடச் சிக்கலாகவே கருதப்பட்டு வந்துள்ளது. ஆயினும் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலமாக இந்தியாவில் அரசும் பொருளியல் அறிஞரும் தொழிற்சங்கத்தாரும் விவாதித்து வரும் வினாவும் இதுவே ஆகும். ஒருவர் உயிர்வாழ எவ்வளவு உணவு தேவை, அதற்கு எவ்வளவு செலவாகும் என அளக்க முற்பட்டோர் எந்த அளவுகோலைக் கைக்கொண்டனர்? அவ்வளவுகோல் எதைக் காட்டியது, எதைக் காட்டத் தவறியது? இவ்வினாக்களைப் பம்பாய்ப் பருத்தியாலைத் தொழிலாளர் குடும்பங்களை முன்னிறுத்தி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அளவுகோலின் தோற்றம்

இந்தியரின் வறுமையை எண்களால் நிறுவ முயன்றவருள் முதன்மையானவர் தாதாபாய் நௌரோஜி. 1867-70 காலப்பகுதியில் ஆங்கிலேய இந்தியாவின் சராசரி வருவாய் தலைக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 20 ரூபாய் என்று அவர் கணக்கிட்டார். இத்தொகை வாழ்வுக்குப் போதுமானதா என்று காட்ட ஓர் ஒப்பீடு தேவைப்பட்டது. கடல் கடந்து செல்லும் கூலித் தொழிலாளர்க்குக் கப்பலில் வழங்க வேண்டுமென விதிக்கப்பட்டிருந்த உணவளவையும், சிறைக்கைதிகளுக்கு அரசு செய்த செலவையும் அவர் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொண்டார். கப்பல் உணவு, உழைப்பின்றி அமைதியாக இருக்கும் நிலைக்கு வகுக்கப்பட்டது. அதனைப் பெறுதற்குரிய வருவாய் கூடச் சராசரி இந்தியனுக்கு இல்லை என்பதும், கைதிக்கு ஆகும் செலவைவிடக் குற்றமற்ற உழவனின் பங்கு குறைவு என்பதும் அவர் கணக்கின் சாரமாகும்.

அதே காலப்பகுதியில் பஞ்ச நிவாரணப் பணியிலும் உணவின் கீழெல்லை குறித்த விவாதம் எழுந்தது. 1877-இல் சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியாளர்க்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் உடன் ஒரு சிறு தொகையுமே கூலியாகப் போதும் என்றார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ், உழைக்கும் உடலை இவ்வளவு தாங்காது என்று மறுத்தார். பின்னர், 1880-களில் உருவான பஞ்ச விதித்தொகுப்புகள் நிவாரண உணவின் அளவை வரையறுத்தன.

இவ்வாறு சிறை, கப்பல், பஞ்ச முகாம் ஆகிய மூன்று இடங்களிலிருந்தே உணவுத் தேவையின் அளவுகோல்கள் பிறந்தன. மூன்றிலும் உணவை அளந்து கொடுப்பவர் ஒருவர், உண்பவர் மற்றொருவர் என்பது இங்கு நோக்கத்தக்கது.

1921-22 ஆம் ஆண்டு விசாரணை

1921-இல் பம்பாய் அரசு தொழிலாளர் அலுவலகம் ஒன்றை நிறுவியது. ஜி. ஃபிண்ட்லே ஷிர்ராஸ் பொறுப்பில் அவ்வலுவலகம் 1921 மே முதல் 1922 ஏப்ரல் வரை தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவைத் திரட்டி, 1923-இல் அறிக்கையாக வெளியிட்டது. 2,473 குடும்பங்களின் கணக்குகளும் தனியாக வாழ்ந்த ஆடவர் 603 பேரின் கணக்குகளும் அதில் ஆராயப்பட்டன.

சராசரிக் குடும்பத்தின் மாத வருவாய் 52 ரூபாய் 4 அணா 6 பை. உடன் வாழ்வோர் 4.2 பேர். மாதச் செலவில் உணவுக்கு 56.8 விழுக்காடு, எரிபொருளுக்கும் விளக்குக்கும் 7.4, உடைக்கு 9.6, வாடகைக்கு 7.7, ஏனையவற்றுக்கு 18.5 விழுக்காடு என அமைந்தது. வாடகையின் பங்கு சிறிதாயிருப்பது வசதியின் அடையாளமன்று. பெரும்பாலான குடும்பங்கள் 'சால்' எனப்படும் அடுக்குக் குடியிருப்புகளில் ஓர் அறைக்குள் வாழ்ந்தமையின் விளைவாகும்.

தொழிலாளர் உண்ட தானியத்தின் அளவு பஞ்ச விதித்தொகுப்பு அனுமதித்த உச்ச அளவை ஒத்திருந்தது என்றும், ஆயினும் பம்பாய்ச் சிறை விதிகள் வகுத்த உணவைவிடக் குறைவாக இருந்தது என்றும் அறிக்கை முடிவு கூறியது. அரை நூற்றாண்டுக்கு முன் நௌரோஜி ஆட்சியைக் குற்றஞ்சாட்டக் கையாண்ட ஒப்பீட்டை, இப்போது அரசு அலுவலகமே தன் அறிக்கையில் பதிவு செய்தது எனலாம்.

கடனும் கடையும்

இவ்வொப்பீடு வலிமை வாய்ந்ததே எனினும், இல்லத்தின் உணவுச் சிக்கலை முழுமையாக விளக்கவில்லை. சிறை தனக்கு வேண்டிய தானியத்தை மொத்தமாகக் கொள்முதல் செய்தது. தொழிலாளர் குடும்பமோ அரிசி, சோளம், கம்பு, பருப்பு, வெல்லம், எண்ணெய் ஆகியவற்றைச் சிறிது சிறிதாக, பெரும்பாலும் கடனுக்கு வாங்கியது. ஆலைகள் மாத ஊதியத்தை அடுத்த மாதத்தின் இரண்டாம் வாரத்திலோ அதன் பின்னரோ வழங்கின. எனவே புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் ஒன்றரை மாதம் வரை கடையின் பற்றுக் கணக்கை நம்பியே உண்ண வேண்டியிருந்தது.

குடும்பங்களில் 47 விழுக்காடு கடன்பட்டிருந்ததாகவும், கடன் ஏறத்தாழ இரண்டரை மாத வருவாய்க்குச் சமமாக இருந்ததாகவும் அவ்விசாரணை கண்டது. ரூபாய்க்கு மாதம் ஓரணா என்பது பெருவழக்கான வட்டி; ஆண்டுக்குக் கணக்கிட்டால் 75 விழுக்காடு. ஆகவே ஏழைக் குடும்பம் உண்ட அதே தானியம் அதற்கு மலிவாகக் கிடைக்கவில்லை. வறுமையே விலையை ஏற்றியது. மறுபுறம், கடைக்காரரின் பற்றுக் கணக்கே வேலைநிறுத்தக் காலத்தில் அடுப்பெரியச் செய்தது. 1925-இல் 11.5 விழுக்காடு ஊதியக் குறைப்பை எதிர்த்தும் 1928-இல் ஏறத்தாழ ஆறு மாதங்களும் தொழிலாளர் நிகழ்த்திய பெரும் வேலைநிறுத்தங்கள் நீடிக்க இயன்றமைக்கு இக்கடனும் ஒரு காரணமாகும்.

கானாவள்: விற்பனைக்கு வந்த வீட்டுச் சமையல்

விசாரணைக்குட்பட்ட 603 தனியாட்களைப் போன்றோரின் உணவும் பெரும்பாலும் ஏதேனும் ஒரு பெண்ணின் அடுப்பிலிருந்தே வந்தது. ஊரில் மனைவி மக்களை விட்டு வந்த ஆடவர்க்கு மாதத் தொகை பெற்றுச் சமைத்துப் போடும் வீட்டு உணவகம் மராத்தியில் 'கானாவள்' எனப்படும். ஓரறை வீட்டில் தன் குடும்பத்திற்குச் சமைக்கும் பெண், அதே அடுப்பில் மேலும் சிலருக்குச் சமைத்ததால் விறகும் நேரமும் மிச்சமாயின. தன் மக்களுக்கும் உணவு கிடைத்தது. ஆனால் உண்பவர் ஊதியம் பெறும்வரை மளிகைக்கு முதல் போட வேண்டியவர் அவரே.

இக்கடன் சுமையிலிருந்து விடுபட 1975-இல் பிரேமா புராவ் முன்னின்று அன்னபூர்ணா மகிளா மண்டல் என்னும் அமைப்பை உருவாக்கினார். அதன்வழி இப்பெண்கள் வங்கிக் கடன் பெற இயன்றது. 1982 சனவரியில் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்தால் உண்போர் வருவாய் இழந்தபோது இவர்தம் தொழிலும் நலிந்தது. ஆலையின் ஊதியப் பட்டியலில் இடம்பெறாத இப்பெண்கள், ஆலை நின்றபோது அதன் இழப்பில் மட்டும் பங்கு பெற்றனர்.

அளவில் அடங்காதவை

விடுதலைக்குப்பின் அளவுகோல் மாறியது. 1957 சூலையில் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, தேவை அடிப்படையிலான குறைந்தபட்ச ஊதியத்திற்கு நெறி வகுத்தது. உணவியல் அறிஞர் அய்க்ராய்டின் பரிந்துரையைத் தழுவிய 2,700 கலோரி உணவு, ஆண்டுக்குக் குடும்பத்திற்கு 72 கெஜம் துணி, வாடகை, எரிபொருள் முதலியவற்றிற்கு 20 விழுக்காடு என அது அமைந்தது. சிறைக்கைதி அளவுகோலாயிருந்த நிலை மாறி, குடும்பம் அவ்விடத்திற்கு வந்தமை பெரும் முன்னேற்றமாகும்.

எனினும், ஒரு தொழிலாளியின் குடும்பம் மூன்று நுகர்வு அலகுகளாகக் கொள்ளப்பட்டது. கணவன் 1, மனைவி 0.8, குழந்தைகள் இருவர் தலைக்கு 0.6 என்பது அதன் வழக்கமான பகுப்பு. பெண்டிர், சிறார் ஈட்டும் வருவாயைக் கணக்கில் கொள்ளலாகாது என்பதும் நெறியாயிற்று. ஒருவர் ஊதியமே குடும்பத்தைக் காக்கவேண்டும் என்னும் நல்ல நோக்கம் இதிலுண்டு. ஆயினும் நீர் சுமந்து, விறகு தேடி, ஆலையிலும் உழைத்து, பிறர்க்குப் பரிமாறியபின் எஞ்சியதை உண்ட பெண்ணின் உண்மையான தேவையும் உண்மையான பங்கும் 0.8 என்னும் எண்ணில் வெளிப்படவில்லை.

வறியோர் தம் உப்பில்லாக் கீரையுணவைப் பிறர் காண நாணிக் கதவடைத்துச் சுற்றத்தோடு உண்ட காட்சியைச் சிறுபாணாற்றுப்படை காட்டுகிறது. கணக்கெடுப்பாளர் கேட்ட வினாக்கள் கடைவரை சென்றன. அக்கதவுக்குப் பின்னே யார் எவ்வளவு உண்டார் என்பதை எட்டவில்லை.

முடிவுரை

பம்பாய்க் குடும்பக் கணக்குகள், தொழிலாளர் வறுமைக்கு ஊதாரித்தனமே காரணம் என்னும் கூற்றை மறுக்கும் சான்றுகளாகும். செலவில் பாதிக்கு மேல் உணவுக்கே ஒதுக்கியும் சிறையுணவின் அளவை எட்ட இயலாத குடும்பத்திற்குச் சிக்கனம் கற்பிக்க வேண்டியதில்லை. ஊதியம் தாமதமானபோதும் வட்டி ஏறியபோதும் ஏற்பட்ட இடைவெளியைப் பெண்களின் ஊதியமற்ற உழைப்பும் குறைந்த உணவுமே நிரப்பின. மலிவான குடும்ப உணவின் விலையில் ஒரு பகுதியை எப்போதும் ஒருவர் தம் உடலால் செலுத்தி வந்துள்ளார் என்பதே இவ்வரலாற்றால் பெறப்படும் முடிவாகும்.