வெள்ளிக்காகக் காத்திருந்தவர்

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பூமி வினாடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது, வெள்ளி 35, புதன் 47 என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். இதை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. எங்கள் புதுச்சேரிக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு என்பது பணி ஓய்வுக்குப் பிறகு படித்தபோதுதான் தெரிந்தது.

சூரியனுக்கு அருகில் உள்ள கிரகம் வேகமாகவும், தள்ளி உள்ளது மெதுவாகவும் ஓடும். அதற்கான கணக்கை 1619இல் கெப்ளர் வெளியிட்டார். ஆனால் அது வெறும் விகிதம். சூரியனிலிருந்து பூமி 100 பங்கு தூரம் என்றால் வெள்ளி 72 பங்கு. அந்த 100 பங்கு எத்தனை மைல் என்பது சரியாகத் தெரியாது. தூரம் தெரியாமல் வேகத்தை எப்படிச் சொல்வது?

வெள்ளி சூரியனுக்குக் குறுக்கே கடப்பதை உலகின் பல இடங்களிலிருந்து நேரம் குறித்தால் தூரத்தைக் கணக்கிடலாம் என்று ஹாலி வழி சொன்னார். பூமி 8 முறை சுற்றுவதற்குள் வெள்ளி 13 முறை சுற்றிவிடும். அதனால் 1761இல் ஒரு வாய்ப்பு, 8 ஆண்டு கழித்து 1769இல் இன்னொன்று. அதை விட்டால் 1874தான்.

அந்த வேலைக்காகப் புதுச்சேரிக்குப் புறப்பட்டவர் கியோம் லெ ழாந்தி. 1760இல் பிரான்சிலிருந்து கப்பல் ஏறினார். வழியில், புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது என்ற செய்தி வந்தது. கப்பல் திரும்பியது. 1761 ஜூன் 6 அன்று நடுக்கடலில், ஆடும் கப்பலில் நின்றபடி வெள்ளியைப் பார்த்தார். அந்த அளவு எதற்கும் உதவவில்லை.

மனிதர் ஊர் திரும்பவில்லை. அடுத்த முறைக்காக இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே 8 ஆண்டு தங்கினார். 1768இல், மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசம் வந்திருந்த புதுச்சேரியில் இடிந்த கோட்டையின் மேல் ஆய்வுக்கூடம் கட்டிக்கொண்டார். தமிழர் ஒருவரிடம் கிரகணம் கணிக்கும் முறையையும் கற்றார். 1769 ஜூன் 4 காலை வானம் மூடிக்கொண்டது. வெள்ளி கடந்து போன பிறகுதான் வெயில் வந்தது.

1771இல் வீடு திரும்பியபோது, அவர் இறந்துவிட்டார் என்று வாரிசுகள் சொத்தைப் பிரிக்கத் தயாராக இருந்தார்கள். அறிவியல் கழகத்தில் அவருடைய இடமும் போயிருந்தது. பிறகுதான் திரும்பக் கிடைத்தது. ஆண்டுதோறும் ஆயுள் சான்று கொடுக்கும் எங்களைப் போன்ற ஓய்வூதியக்காரர்களுக்கு அவர் பாடு நன்றாகவே புரியும்.

மற்றவர்கள் எடுத்த அளவுகளைக் கொண்டு லலாந்து சூரியனின் தூரத்தைச் சுமார் 15 கோடியே 30 லட்சம் கிலோமீட்டர் என்று கணக்கிட்டார். இன்றைய கணக்கு 14 கோடியே 96 லட்சம். அதிலிருந்து பூமியின் பாதை 94 கோடி கிலோமீட்டர். ஓர் ஆண்டின் 3 கோடியே 15 லட்சம் வினாடிகளால் வகுத்துப் பாருங்கள், அந்த 30 வந்துவிடும்.

அந்த எண்ணில் லெ ழாந்தியின் அளவு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வருகிறது.