'அந்த ஆள்' வந்து என்ன செஞ்சான்? ஸ்பை கிட்ஸ் 3டியும் ஊவாவின் 1940உம்

சின்னப் பிள்ளைகள் படம்னு ஒதுக்கி வச்ச ஒரு படத்தைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. 2003 ஜூலை 25ஆம் திகதி அமெரிக்காவில் வெளியான 'ஸ்பை கிட்ஸ் 3டி: கேம் ஓவர்'. ரொபர்ட் ரொட்ரிகஸ் இயக்கினது. நம்மில் நிறையப் பேர் பத்து வயசுக்குள்ள பார்த்திருப்போம். திரும்பப் பார்க்கணும்னு யாரும் நினைச்சிருக்க மாட்டோம். நான் திரும்பப் பார்த்தேன். வரலாறு படிக்கிறவங்களுக்கு அதில் ஒரு காட்சி இருக்கு.

முதலில் கதை. 'டோய்மேக்கர்' என்கிறவன் ஒரு வீடியோ கேம் செய்றான். உள்ளே போற பிள்ளைகளோட மனசையே பிடிச்சு வைக்கிற கேம் அது. அதை நிறுத்தப்போன உளவாளிச் சிறுமி கார்மென் உள்ளேயே மாட்டிக்கொள்றாள். அவளை மீட்க தம்பி ஜூனி போறான். அவனுக்கு இருக்கிறது 12 மணித்தியாலம்தான். கேமுக்குள்ள சந்திக்கிற மற்றப் பையன்கள் ஜூனியைப் பார்த்து ஒரு முடிவுக்கு வர்றாங்க: இவன்தான் 'அந்த ஆள்'. ஐந்தாவது லெவலைத் தாண்ட வைக்க ஒருத்தன் வருவான்னு அவங்களுக்கு ஒரு நம்பிக்கை.

ஜூனி 'அந்த ஆள்' இல்லை. ஐந்தாவது லெவலின் கதவுக்கு முன்னால நிஜமான ஆள் வந்து நிக்கிறான். 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' படங்களில் உலகத்தையே காப்பாத்தின எலைஜா வூட்தான் அந்த வேஷத்தில். கையில் 99 உயிர். எல்லாரும் வாயைப் பிளந்து பார்க்கிறாங்க. அவன் கதவைத் தொடுறான், மின்சாரம் அடிக்குது, 99 உயிரும் சில செக்கன்ல போயிடுது. அவ்வளவுதான் 'அந்த ஆள்'. இதுக்கு மேல போறதுன்னா மிச்சம் நிக்கிற சாதாரணப் பிள்ளைகள்தான் போகணும். சின்ன வயசில் இதைப் பார்த்துச் சிரிச்சோம். இப்போ பார்க்கும்போது, அந்தப் படத்தோட முழு அரசியலும் இந்தச் சில செக்கன்ல இருக்குன்னு தோணுது.

கேமுக்குள்ள மனுசங்க போற படங்களுக்குன்னு ஒரு வரலாறு இருக்கு. 1982இல் டிஸ்னி வெளியிட்ட 'ட்ரோன்' அதில் முன்னோடி. இலங்கையில் ரூபவாஹினி ஒளிபரப்பு ஆரம்பிச்ச அதே வருஷம். 'ட்ரோன்'ல உள்ளே போறவன் கேம்களை எழுதின, வளர்ந்த மனுசன். விதி எழுதத் தெரிஞ்சவன்தான் ஹீரோ. 2011 தீபாவளிக்கு வந்த ஷாருக் கானின் 'ரா.ஒன்' தலைகீழ்: கேமில் இருந்த வில்லன் வெளியே வந்து, தன்னோட விளையாடின பையனையே தேடுறான். அங்கேயும் கடைசியில் காப்பாத்துறது ஒரு சுப்பர் ஹீரோ. போதாததுக்கு நடுவில் ரஜினி வேற சிட்டியா வந்து போறார். 2017இல் வந்த 'ஜுமான்ஜி'யில் நாலு மாணவர்கள் உள்ளே போறாங்க. ஆளுக்கு மூணு உயிர், ஆளுக்கு ஒரு பலம், ஒரு பலவீனம். ஒருத்தர் தன் உயிரில் ஒன்றை இன்னொருத்தருக்குக் கொடுக்கவும் முடியும்.

இந்த வரிசையில் 'அந்த ஆள்' என்ற நினைப்பையே நேரடியா கேலி செஞ்சது ஸ்பை கிட்ஸ் 3தான். கடைசிச் சண்டையில் ஜூனி தனியா நிக்கல. அம்மா, அப்பா, பாட்டி, மாமாமார், முந்தின இரண்டு படங்களில் எதிரிகளா இருந்தவங்கன்னு எல்லாரையும் கூப்பிடுறான். எல்லாரும் வர்றாங்க. தாத்தாவா நடிச்ச ரிக்கார்டோ மொண்டல்பான் 1993 முதுகெலும்புச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நடக்க முடியாம இருந்தவர். படத்திலேயும் சக்கர நாற்காலிதான். கேமுக்குள்ள மட்டும் அவருக்குக் கால் வருது. முடிவில் அவர், தன்னை நாற்காலியில் உட்கார வச்ச டோய்மேக்கரைப் பழிவாங்காம மன்னிக்கிறார்.

மடுல்சீமைப் பக்கம் இந்தப் படம் எப்படி வந்துச்சுன்னும் சொல்லணும். தியேட்டரில் சிவப்பு, நீலக் கடதாசிக் கண்ணாடி போட்டுப் பார்க்கிற மாதிரி எடுத்த படம் இது. ஒரே திரையில் இரண்டு படம், இரண்டு நிறத்தில் இருக்கும். கண்ணாடியோட நிறம் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்றை மறைச்சு மற்றதை மட்டும் விடும். மூளை இரண்டையும் சேர்த்து ஆழமாக்கும். எங்க லயத்துக்கு வந்தது டவுனில் வாங்கின கொப்பி சீடி. கண்ணாடி வரல. விளிம்பெல்லாம் சிவப்பும் நீலமுமா கலங்கின படத்தைத்தான் பார்த்தோம். டொபி சுத்தி வர்ற கலர்த் தாளைக் கண்ணில் வச்சும் பார்த்தோம், சரிவரல. ஆனா 'அந்த ஆள்' செத்துப்போறது விளங்க கண்ணாடி தேவைப்படல.

இனி ஊவா. திரும்பப் பார்த்தப்போ எனக்கு ஞாபகம் வந்தது 1940. 1939 கடைசியிலும் 1940 முற்பாதியிலும் மலையகத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் ஒன்றுக்குப் பின் ஒன்றா வெடிச்சது. 1940 ஜனவரியில் முல்லோயாவில் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் இறந்தார். அந்தப் பேர் நமக்குத் தெரியும். ஆனா அதே வருஷம் பதுளைக்குப் பக்கத்து வேவெஸ்ஸ தோட்டத்தில் நடந்ததை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கோம்? அங்கே தொழிலாளர்கள் தங்களுக்குள்ள ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தாங்க. அந்தக் குழுவோட கலந்து பேசித்தான் முடிவெடுப்பேன்னு துரை ஒத்துக்கொள்ள வேண்டி வந்துச்சு. ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிஸாரின் ஆயுதங்களையே தொழிலாளர்கள் பறிச்சாங்க. பிறகு கடும் அடக்குமுறை வந்து போராட்டம் நசுங்கினதும் உண்மை. லங்கா சமசமாஜக் கட்சி உதவிக்கு இருந்ததும் உண்மை. ஆனா குழுவில் உட்கார்ந்தது பெரட்டுக்குப் போய் வேலை செஞ்ச ஆட்கள்.

துண்டு முறை சட்டப்படி ஒழிஞ்சது 1921இல். அதுக்கு முன்னால கங்காணிக்குக் கொடுக்க வேண்டிய கடன் எழுதின துண்டு கையில் இல்லாம ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியாது. வெளியே போற கதவு யார் கையில் இருக்கு என்பதுதான் அங்கேயும் கேள்வி. அந்த நிலைமைக்கும் துரை ஒரு குழுவோட பேச வேண்டி வந்ததுக்கும் இடையில் இருபது வருஷம்கூட இல்லை.

தோட்டத்தை கேமோட ஒப்பிட முடியாதுன்னு சொல்வீங்க. சரிதான். தோட்டத்தில் யாருக்கும் 99 உயிர் இல்லை, கோவிந்தனுக்கு ஒன்றுதான் இருந்துச்சு. நான் ஒப்பிடுறது நாம கதை சொல்ற விதத்தை. நம்ம வரலாறு பெரும்பாலும் தலைவர்களோட வரலாறாத்தான் மேடையில் வருது: இவர் வாங்கித் தந்தார், அவர் பெற்றுத் தந்தார். அந்த மாதிரிச் சொல்லும்போது வேவெஸ்ஸ குழு கதைக்குள்ள பொருந்தாது, விடுபட்டுப் போயிடும். படத்தில் அந்தப் பையன்கள் எந்த நம்பிக்கையில் நின்னாங்களோ, அதே நம்பிக்கையில் நாமளும் கதவுக்கு முன்னால நிக்கப் பழகிடுறோம்.

2018 ஒக்டோபர் 24 காலிமுகத்திடலில் நடந்ததையும் இதோட வச்சுப் பாருங்க. அடிப்படைச் சம்பளம் 500 ரூபாவா இருந்த காலம். 1000 ரூபா கேட்டு, கறுப்பு உடுப்போட, சமூக வலைத்தளம் மூலம் கூடின மலையக இளைஞர்கள். அன்றைக்கே 1000 கிடைக்கல. 2019 ஜனவரியில் 700 ஆச்சு. 1000 ரூபா வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில். ஆனா கொழும்பில் கடையிலும் கம்பனியிலும் வேலை செய்ற நம்ம பிள்ளைகள், யாரும் வந்து கூட்டிப்போகாமலே போய் நின்னாங்க. இதை நாளைக்கு எழுதும்போது யாராவது ஒருத்தர் பேரில் எழுதிடாம இருக்கணும்.

படத்தில் ஒரு குறையும் இருக்கு. டெமெட்ரா என்ற பெண் பாத்திரம் மனுசி இல்லை, கேமுக்குள்ள இருக்கிற ஒரு புரோகிராம். மற்றவங்க வெளியே போக கதவைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது அவள்தான். அவளால வெளியே வர முடியாது. ஜூனி ஒரு தரம் கண்கலங்குறான், அதோட படம் அவளை விட்டுட்டுக் கொண்டாட்டத்துக்குப் போயிடுது. கூட்டா ஜெயிச்ச கதைகளிலும் கதவைப் பிடிச்சவங்க இப்படி மறந்து போறாங்க. தோட்டப் போராட்டங்களைப் பத்தின எழுத்துகளில் கொழுந்தெடுத்த பெண்கள் எத்தனை இடத்தில் பேரோட வர்றாங்கன்னு தேடிப் பாருங்க.

1940ஐப் பார்த்தவங்க இப்போ அநேகமா இல்லை. அவங்க சொல்லக் கேட்டு வளர்ந்த எழுபது, எண்பது வயசுக்காரங்க பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை லயங்களில் இன்னும் இருக்காங்க. அவங்ககிட்ட தலைவர் யாருன்னு கேட்காதீங்க. குழுவில் யார் யார் இருந்தாங்க, கூட்டம் எங்கே கூடினாங்க, அந்த நாட்களில் அடுப்பு எப்படி எரிஞ்சதுன்னு கேளுங்க. போனில் பதிவு பண்ணுங்க. எழுதி அனுப்புங்க, இங்கேயே போடலாம்.