ஆண்ட்வெர்ப் நகரமும் பாலன்பூர் வணிகரும்

பெல்ஜிய நாட்டில் வைரச் சுரங்கம் ஒன்றேனும் இல்லை. ஆயினும், அந்நாட்டின் ஏற்றுமதிப் பொருள்களுள் வைரம் நெடுங்காலம் முன்வரிசையில் நின்றது. சுரங்கமில்லா நாடு வைரத்தை ஏற்றுமதி செய்தது எங்ஙனம்? ஆண்ட்வெர்ப் என்னும் அதன் துறைமுக நகருக்கு வந்தவர் யாவர், அங்கிருந்து சென்றவர் யாவர் என்று நோக்கின் விடை புலனாகும்.

பதினாறாம் நூற்றாண்டில் உலகிற்கு வைரம் அளித்த நிலம் பெரும்பாலும் இந்தியாவே. போர்த்துகீசியக் கப்பல்களில் லிஸ்பன் சேர்ந்த கற்கள் ஆண்ட்வெர்ப் நகரில் பட்டை தீட்டப்பெற்றன. 1585-இல் ஸ்பானியப் படை அந்நகரைக் கைப்பற்றியது. புரோட்டஸ்டண்ட் சமயத்தார் மதம் மாறுதல் வேண்டும். அன்றேல் நான்கு ஆண்டுகளுக்குள் வெளியேறுதல் வேண்டும் என்பது ஆணை. வணிகரும் கைவினைஞரும் திரளாக ஆம்ஸ்டர்டாமுக்குப் பெயர்ந்தனர். ஆண்ட்வெர்ப்பின் மக்கள்தொகை சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாயிற்று. வைரத் தொழிலின் முதன்மையும் அவர்களுடன் ஆம்ஸ்டர்டாம் சென்றது.

1867-இல் தென்னாப்பிரிக்காவில் வைரம் கண்டறியப்பட்டது. அந்நூற்றாண்டின் இறுதியில், கிழக்கு ஐரோப்பாவின் கொடுமைகளுக்கு அஞ்சி வந்த யூதர்கள் ஆண்ட்வெர்ப்பில் குடியேறி, அதன் வைர வாணிகத்தை மீண்டும் தழைக்கச் செய்தனர். 1940-இல் ஜெர்மானியப் படை புகுந்தது. 1942 முதல் யூதர்கள் கொலைமுகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களோடு தொழிலும் சிதைந்தது. போருக்குப்பின் எஞ்சியோர் திரும்பி வந்தே அதனை மீட்டனர்.

மூன்றாவதாக வந்தோர் குஜராத்தின் பாலன்பூரைச் சார்ந்த வணிகர்கள். அவருள் மிகப் பெரும்பாலோர் சுவேதாம்பர ஜைனர். 1960-களிலிருந்து அவர்கள் ஆண்ட்வெர்ப்பில் பெருகினர். பெரிய கற்களின் வாணிகம் பழைய வணிகர் கையில் இருந்தது. ஆதலின், பிறர் ஆதாயமில்லை என ஒதுக்கிய சிறு கற்களையே இவர்கள் வாங்கினர். ஐரோப்பியக் கூலியில் அவற்றைத் தீட்டினால் கல்லின் விலையைவிடக் கூலியே மிகும். அவை சூரத்துக்கும் நவ்சாரிக்கும் அனுப்பப்பெற்று, தீட்டப்பெற்று, உலகச் சந்தையை அடைந்தன. அண்ணன் ஆண்ட்வெர்ப்பில் வாங்க, தம்பி மும்பையில் கணக்குப் பார்க்க, மைத்துனன் நியூயார்க்கிலோ ஹாங்காங்கிலோ விற்பான். சட்டைப்பையில் அடங்கும் ஒரு பொட்டலம் பெருஞ்செல்வமாய் இருக்கும் இத்தொழிலில், உறவும் நாணயமுமே ஈடாக நின்றன.

விளைவு இருபுறமும் தெரிந்தது. ஆண்ட்வெர்ப் வைர வாணிகத்தின் பெரும்பங்கு காலப்போக்கில் இந்தியர் கைக்கு வந்தது. பெல்ஜியத்தின் ஏற்றுமதி உயர்ந்தது. மறுபுறம், இன்று உலகில் தீட்டப்பெறும் வைரங்களுள் எண்ணிக்கையில் பத்தில் ஒன்பது இந்தியாவில் தீட்டப்பெறுவன. குடியேறியோர் சென்ற நாட்டின் ஏற்றுமதியோடு பிறந்த நாட்டின் ஏற்றுமதியையும் வளர்ப்பர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

ஆயின் இழப்பும் உண்டு. ஆண்ட்வெர்ப்பை அடுத்த கெம்பன் பகுதிச் சிற்றூர்களில் தலைமுறை தலைமுறையாகப் பட்டை தீட்டி வாழ்ந்த குடும்பங்கள், வேலை இந்தியாவுக்குப் பெயர்ந்தபின் அத்தொழிலை இழந்தன. நாட்டின் ஏற்றுமதிக் கணக்கு உயர்ந்த காலத்திலேயே அந்நாட்டுத் தொழிலாளியின் பட்டறை மூடப்பட்டது. குடியேற்றத்தின் பயனைப் பேசுவோர் இதனையும் மறைத்தலாகாது.

ஆண்ட்வெர்ப்பின் புறநகராகிய வில்ரைக்கில் இன்று சலவைக்கல் ஜினாலயம் ஒன்று நிற்கிறது. பொருளீட்டிச் செல்ல வந்தோர் நிலைத்துத் தங்கும் குடிகளாயினர் என்பதற்கு அது சான்று. அதேபொழுது, அண்மைக்காலமாக வைர வாணிகத்தின் ஒரு பகுதி துபாய்க்குப் பெயர்ந்து வருகிறது. வணிகர் சிலரும் அவ்வழியே செல்கின்றனர். நானூறு ஆண்டுகளுக்கு முன் ஆம்ஸ்டர்டாம் கற்ற பாடத்தை இன்று துபாய் கற்கிறது: வணிகனுக்கு அச்சமின்றி வாழ இடம் தரும் நகருக்கே வாணிகமும் வந்து சேரும்.