குயவர் முத்திரைகள்

கையால் வனைந்த கலைப் பாண்டத்தின் அடியிலோ, அடிவளையத்தை ஒட்டிய பக்கவாட்டிலோ, செய்தவரும் பட்டறையும் பதித்துவிடும் அடையாளமே குயவர் முத்திரை. ஈரம் பாதி வற்றி, விரலுக்கு இசைந்தும் வடிவம் குலையாமலும் மண் நிற்கும் பதத்தில் இதைப் பதிப்பார்கள். சிலர் சுட்ட களிமண் அச்சால் அழுத்துவார்கள், சிலர் ஊசியால் கீறுவார்கள், சிலர் இரும்பு ஆக்சைடைத் தூரிகையில் தொட்டு எழுதுவார்கள். தொழிற்சாலைப் பீங்கானின் முத்திரை நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் போதும். ஒருவரோ சிறு குழுவோ மண் பிசைவது முதல் சூளை பிரிப்பது வரை தாமே செய்யும் ஸ்டூடியோ பாண்டத்தில் அது ஒரு கையைச் சொல்ல வேண்டும். யாருடைய கை என்ற கேள்விக்கு முத்திரை தரும் பதில் எப்போதும் நேரானது அல்ல.

பெயர் பொறிக்கும் வழக்கம் பழையது. இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் செந்நிற மெருகுப் பாண்டங்களில் பட்டறைக்காரர்களின் பெயர்முத்திரை உண்டு. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது விபியஸ், கமூரி, இட்டா என்ற பெயர்கள் பதிந்த ஓடுகள் கிடைத்தன. அவற்றின் காலம் இத்தாலியில் முன்பே தெரிந்திருந்ததால், அரிக்கமேட்டு மண்ணடுக்குகளைக் கி.பி. முதல் நூற்றாண்டோடு பொருத்த முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலின் காலக்கணக்குக்கு ஒரு பிடிமானம் தந்தவை அயல்நாட்டுக் குயவர்களின் இந்தச் சின்னஞ்சிறு பெயர்கள்தாம். நம் ஊர் அகழாய்வுகளில் கிடைக்கும் தமிழி எழுத்துப் பெயர்கள் வேறு வகை. பெரும்பாலும் சுட்ட பிறகு கீறப்பட்டவை என்பதால், அவற்றைச் செய்தவரின் பெயராக அல்லாமல் உடைமையாளரின் பெயராகவே கொள்கிறார்கள்.

தனிக் கலைஞரின் முத்திரை முதலில் வலுப்பெற்ற இடங்களில் ஒன்று ஜப்பானின் கியோட்டோ. 17ஆம் நூற்றாண்டில் நொனொமுரா நின்செய் தம் பாண்டங்களில் சொந்த முத்திரையை அழுத்தினார். அவரை அடுத்து வந்த ஒகாத்தா கென்ஸான் (1663–1743) தூரிகையால் பெயர் எழுதினார். பின்னாளில் ‘கென்ஸான்’ என்பது தலைமுறைதோறும் கைமாறும் பட்டமானது. ஆறாம் கென்ஸானிடம் பாடம் கேட்ட டொமிமோட்டோ கென்கிச்சியும் ஆங்கிலேயரான பெர்னார்டு லீச்சும் ஏழாம் கென்ஸான் உரிமை பெற்றார்கள். ஆகவே அந்தப் பெயர் ஒரு கிண்ணத்தில் இருப்பதாலேயே அது முதல் கென்ஸானின் கைவேலை ஆகிவிடாது.

இங்கிலாந்தில் தனிக் கலைஞரின் முத்திரைக்கு வழி திறந்தவை 19ஆம் நூற்றாண்டின் பட்டறைகள். லண்டன் லாம்பெத்தில் இருந்த டௌல்டன் நிறுவனம், 1871 முதல் அங்கே பணியாற்றிய ஹன்னா பார்லோ போன்ற ஓவியர்கள் தங்கள் பெயரெழுத்துகளைக் கீற இடம் கொடுத்தது. நிறுவன முத்திரையும் ஓவியரின் அடையாளமும் ஒரே அடிப்பகுதியில் சேர்ந்து நின்றன. 1873இல் ஃபுல்ஹாமில் தொழில் தொடங்கி 1877இல் சவுத்தாலுக்குப் பெயர்ந்த மார்ட்டின் சகோதரர்கள் இன்னும் தாராளமாகப் பெயர், ஊர், தேதி மூன்றையும் ஈர மண்ணில் கையாலேயே எழுதினார்கள். அவர்களுடைய புகழ்பெற்ற பறவைச் சாடிகளில் தலை தனியே கழலும். தலையிலும் உடலிலும் எழுத்து இருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று உரியவையா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவின் சின்சினாட்டியில் 1880இல் தொடங்கிய ரூக்வுட் பட்டறையின் முறை சேகரிப்பவர்களுக்குப் பெரும் கொடை. 1886இல் அமைந்த அதன் முத்திரையில் ஆண்டுக்கொரு தீச்சுடர் கூடி, 1900இல் பதினான்கு சுடரானது. 1901 முதல் கீழே ரோமன் எண் சேர்ந்தது.

லீச்சும் ஹமாதா ஷோஜியும் 1920இல் கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸில் நிறுவிய பட்டறையின் முத்திரைகளே இத்துறையில் அதிகம் ஆராயப்பட்டவை, அதிகம் தவறாகப் படிக்கப்பட்டவையும்கூட. அங்கே இரண்டு முத்திரைகள் உண்டு. ‘எஸ்’, ‘ஐ’ எழுத்துகள் பின்னி இரு புள்ளிகளோடு நிற்பது பட்டறைக்கு உரியது. ‘பி எல்’ என்பது லீச்சுக்கு மட்டும் உரியது. பட்டியல் போட்டு விற்ற அன்றாடக் கிண்ணங்கள், கூசாக்கள், மூடிச் சட்டிகள் ஆகியவற்றைப் பயிற்சியாளர்களும் பணியாளர்களும் வனைந்தார்கள். அவற்றில் பட்டறை முத்திரை மட்டுமே இருக்கும். அதைக் கண்டவுடன் லீச்சின் கைவேலை என்று விலை சொல்வது பரவலான பிழை. ‘பி எல்’ இருந்தாலும் ஒரு நுட்பம் மிஞ்சுகிறது. 1938இல் பயிற்சியாளராகச் சேர்ந்த வில்லியம் மார்ஷல் பெரிய கலயங்களை வனைந்து கொடுக்க, லீச் அவற்றில் சித்திரம் தீட்டியதும் உண்டு. அந்தக் கலயங்களில் இரண்டு கைகள் இருக்கின்றன, முத்திரை ஒன்றையே சொல்கிறது.

ஹமாதாவின் வழி நேர் எதிரானது. செயின்ட் ஐவ்ஸில் தம் பெயரின் ஓர் எழுத்தை முத்திரையாகப் பதித்தவர், ஜப்பான் திரும்பி மஷிகோவில் குடியமர்ந்த பின் பாண்டத்தில் பெயரிடுவதையே விட்டுவிட்டார். பெயரறியாக் கைவினைஞரின் அழகைப் போற்றிய யனாகி சோயெட்சுவின் மிங்கெய் இயக்கத்தில் அவர் முக்கியமானவர். அவரைப் போலவே கவாய் கன்ஜிரோவும் பெயர் பதிப்பதைக் கைவிட்டார். இவர்களுடைய படைப்புகளுக்குச் சான்று, பாண்டத்தை வைக்கும் மரப்பெட்டியின் மூடியில் அவர்களே எழுதித் தந்த எழுத்து. பெட்டி தொலைந்துவிட்டால் பாண்டமே பேச வேண்டும். ஹமாதாவின் கரும்புத் தட்டைச் சித்திரத்தைப் பழகிய கண்ணுக்கு அது பேசவும் செய்கிறது.

லீச்சின் மாணவர் மைக்கேல் கார்டியூ வின்ச்கூம், வென்ஃபோர்டு பிரிட்ஜ் பட்டறைகளுக்குத் தனித்தனி முத்திரை வைத்தார். நைஜீரியாவின் அபுஜாவில் 1950களில் அவர் நடத்திய பயிற்சி நிலையத்தின் முத்திரை அரபு எழுத்தில் அமைந்தது. 1954இல் அங்கே சேர்ந்த லாடி குவாலியின் கலயங்களில் அதோடு ‘எல் கே’ என்ற அவருடைய சொந்த முத்திரையும் இருக்கும். கிராமத்தில் பெண்கள் வழிவழியாகச் செய்துவந்த தண்ணீர்ப் பானை வடிவம், செய்தவரின் பெயரோடு அருங்காட்சியகம் ஏறியது இப்படித்தான்.

வியன்னாவில் ‘எல் ஆர் ஜி வீன்’ என்று எழுதிய லூசி ரீ, 1938இல் லண்டன் வந்தபின் ‘எல் ஆர்’ முத்திரைக்கு மாறினார். 1946இல் அவரிடம் வேலைக்கு வந்த ஹான்ஸ் கோப்பரும் அவரும் சேர்ந்து செய்த மேசைப் பாண்டங்களில் இருவரின் முத்திரையும் அருகருகே இருக்கும்.

நியூ மெக்ஸிகோவின் சான் இல்டெஃபோன்சோ பழங்குடிக் கிராமத்து மரியா மார்ட்டினெஸின் கையெழுத்து காலத்தோடு மாறியது. ‘மரீ’ என்று தொடங்கி, கணவர் ஜூலியனின் பெயர் சேர்ந்தது. 1943இல் ஜூலியன் இறந்தபின் மருமகள் சன்டானாவின் பெயரும், பிறகு மகன் போபோவியின் பெயரும் வந்தன. இந்த வரிசையே கலயத்தின் காலத்தைக் காட்டிவிடும். ஆனால் தம் ஊர்ப் பெண்களின் கலயங்களும் நல்ல விலை போகட்டும் என்று அவற்றிலும் மரியா தம் பெயரெழுதிக் கொடுத்ததுண்டு. ஏமாற்றும் எண்ணம் சிறிதும் இல்லாத அந்தச் செயலைப் போலி என்று அழைப்பது நியாயமாகாது.

உண்மைப் போலிகளும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஃபெதர்ஸ்டோன் சிறையில் மட்பாண்ட வகுப்பில் இருந்த கைதிகள் லீச் பாண்டங்களை முத்திரையோடு செய்ய, அவை ஏலக் கூடம்வரை போய் விற்றன. அசல் பாண்டத்திலிருந்து பிரதி எடுத்த அச்சைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மண் காய்ந்து சுட்டு முடிவதற்குள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அசல் முத்திரை ஒருமுறை சுருங்கியது, பிரதியின் பதிவு இன்னொரு முறை சுருங்குவதால் அளவில் சிறுத்துவிடும். படத்தைப் பார்த்துப் புதிதாகச் செதுக்கிய அச்சை இந்த அளவு பிடிக்காது. அங்கே முத்திரையை விட்டுவிட்டு, அடிவளையத்தைச் சீவிய விதம், மெருகு படாத இடத்து மண்ணின் நிறம், கைக்குத் தெரியும் கனம் ஆகியவற்றை ஐயமற்ற பாண்டம் ஒன்றோடு வைத்து ஒப்பிட வேண்டும்.