யவாரா! (ஜூடோ மங்கா)

'யவாரா!', நவோகி உராசாவா எழுதி வரைந்த ஜப்பானிய ஜூடோ மங்கா (சித்திரக்கதை) தொடர். ஷோகாகுகான் நிறுவனத்தின் 'பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்' வார இதழில் 1986 முதல் 1993 வரை வெளிவந்து, 29 தொகுதிகளாக நூலாக்கம் பெற்றது. நடிகர்கள் நடித்த ஒரு திரைப்படம், 124 பகுதிகள் கொண்ட அனிமே (அசைபட) தொடர், ஓர் அனிமே திரைப்படம், ஒரு தொலைக்காட்சிச் சிறப்புப் படம் ஆகியவை இதிலிருந்து பிறந்தன. சண்டைக் கலைகளைப் பற்றிய மங்காக்கள் ஜப்பானில் ஏராளம். ஆனால், தான் சொல்லிவந்த விளையாட்டின் உண்மை வரலாறு கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தபோதே அதன் கூடவே நடந்த தொடர் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

மகளிர் ஜூடோவின் அந்த வரலாறு சற்று நீளமானது. கானோ ஜிகோரோ 1882இல் டோக்கியோவில் கோடோகான் பள்ளியை நிறுவி ஜூடோவை வகுத்தார். 1926இல் அங்கே மகளிர் பிரிவும் தொடங்கியது. என்றாலும் பெண்களுக்கு வகுத்துவைத்த அசைவு வரிசைகளும் பயிற்சியும்தான் கிடைத்தன. போட்டிக் களம் பல பத்தாண்டுகளுக்கு மூடியே இருந்தது. அதைத் திறக்க வைத்ததில் அமெரிக்கரான ரஸ்டி கனோகோகிக்குப் பெரும் பங்கு உண்டு. 1959இல் நியூயார்க் மாநிலத்தில் ஆண்கள் அணியில் ஆடி வென்றவர் அவர். பெண் என்று தெரிந்ததும் பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. நியூயார்க் நகரில் 1980இல் முதல் மகளிர் உலக ஜூடோ போட்டியை முன்னின்று நடத்தினார். ஜப்பானில் மகளிருக்கான முதல் தேசியப் போட்டியே 1978இல்தான் நடந்தது. 1984இல் வியன்னாவில் யமாகுச்சி கவோரி 52 கிலோ பிரிவில் உலகப் பட்டம் வென்றார். பத்திரிகைகள் அவரைப் 'பெண் சான்ஷிரோ' என்று கொண்டாடின. சான்ஷிரோ என்பவன் தொமிதா த்சுனேவோ 1942இல் எழுதிய ஜூடோ நாவலின் நாயகன். அடுத்த ஆண்டே அந்த நாவலை அகிரா குரோசாவா தம் முதல் படமாக எடுத்தார். ஒரு பெண் சாதித்தபோது அவருக்குச் சூட்டுவதற்கு ஓர் ஆண் நாயகனின் பெயரே கையில் இருந்தது. மங்காவிலும் அதே நிலைதான். 1952இல் ஃபுகுய் எய்இச்சி தொடங்கிய 'இகாகுரி-குன்', 1967இல் கஜிவாரா இக்கியின் எழுத்தில் வந்த 'ஜூடோ இச்சோகுசென்' என்று ஜூடோக் கதைகள் பையன்களின் கதைகளாகவே இருந்தன.

1960இல் டோக்கியோவில் பிறந்த உராசாவா, இந்தத் தொடரைத் தொடங்கியபோது இன்னொருவர் எழுதிய 'பைனாப்பிள் ஆர்மி' என்ற கதைக்கும் படம் வரைந்துகொண்டிருந்தார். பின்னாளில் 'மான்ஸ்டர்', 'இருபதாம் நூற்றாண்டுச் சிறுவர்கள்' போன்ற மர்மக் கதைகளால் உலகப் புகழ் பெற்றவர் அவர். அவரைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது 'யவாரா!'தான். 35ஆவது ஷோகாகுகான் மங்கா விருதும் இதற்குக் கிடைத்தது.

கதையின் அடித்தளம் எளிமையானது. இனோகுமா யவாரா பள்ளி மாணவி. பேரன்பும் பெரும் பிடிவாதமும் கொண்ட அவளுடைய தாத்தா ஜிகோரோ, ஜப்பானின் முன்னாள் ஜூடோ சாம்பியன். ஜூடோவின் தந்தையின் பெயரையே உராசாவா அவருக்கு வைத்திருக்கிறார். பேத்தியைச் சிறு வயதிலிருந்தே ஊருக்குத் தெரியாமல் பழக்குகிறார். ஒலிம்பிக் தங்கம், அதன்மேல் தேசிய கௌரவ விருது என்பது அவர் கனவு. பேத்தியோ அழகான உடை உடுத்தி, காதலித்து, மற்றப் பெண்களைப் போல வாழ ஆசைப்படுகிறாள். ஒருநாள் தெருவில் கைப்பைத் திருடனொருவனை அவள் தூக்கி எறிவதை மட்சுதா என்ற விளையாட்டு நிருபர் பார்த்துவிட, ரகசியம் வெளியே வருகிறது. தாத்தா கனவு காணும் தேசிய கௌரவ விருது ஜூடோ வீரர் யமாஷிதா யசுஹிரோவுக்கு 1984இல் வழங்கப்பட்ட ஒன்று. எனவே அவருடைய ஆசை ஆகாயக் கோட்டை அல்ல. ஆனால் பெண் விளையாட்டு வீரர் ஒருவர் அதை முதன்முதலாகப் பெற 2000ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெற்றவர் மாரத்தான் வீராங்கனை தகாஹாஷி நவோகோ.

தாத்தாவும் பேத்தியும் இழுக்கும் இந்தக் கயிறுதான் 29 தொகுதிகளையும் தாங்குகிறது. விளையாட்டுக் கதைகளின் நாயகர்கள் வெற்றிக்காகத் தவிப்பவர்கள். யவாராவோ வெல்வது எளிதாக இருப்பதாலேயே தவிக்கிறாள். ஐந்து வயதில் தந்தையையே எறிந்துவிட்டவள் அவள். அதன்பின் அவர் வீட்டை விட்டுப் போனதால், தன் திறமையே குடும்பத்தைக் கலைத்தது என்ற குற்றவுணர்வு அவளுக்குள் தங்கிவிடுகிறது. அவளைச் சுற்றியுள்ள பெண்களையும் உராசாவா அக்கறையோடு வரைந்திருக்கிறார். செல்வக் குடும்பத்துப் போட்டியாளர் சயாகா, கனடாவிலிருந்து வரும் கனத்த உடலும் கனிந்த மனமும் கொண்ட ஜோடி ஆகியோர் நினைவில் நிற்பவர்கள். எல்லோரிலும் ஆழமானவள் ஃபுஜிகோ. உயரம் கூடிப்போனதால் பாலே நடனத்தைக் கைவிட்டு, கல்லூரியில் வெள்ளைப் பட்டையோடு ஜூடோ தொடங்கி, தாயான பிறகும் களத்துக்குத் திரும்புகிறாள். பிறவித் திறமை இல்லாதவர்களுக்கு விளையாட்டு என்ன தருகிறது என்பதை அவள் வழியாகவே இத்தொடர் சொல்கிறது. காதல் குழப்பங்கள் மட்டும் பல இடங்களில் தேவைக்கு மேல் நீள்கின்றன.

யவாராவின் கைவந்த பிடி 'இப்போன் செயோய்நகே'. எதிராளியின் ஒரு கையைப் பற்றி, சட்டென்று திரும்பி, அவருடைய இடுப்புக்குக் கீழே தன் இடுப்பைக் கொண்டுபோய், தோள்மேல் ஏற்றி எறிவது. குள்ளமானவருக்கு உயரக் குறைவே பலமாகும் பிடி இது. இதை வரையும்போது உராசாவா மந்திர சக்திகளையோ பக்கம் பக்கமான விளக்கங்களையோ நாடவில்லை. கால் வைப்பு, திரும்பல், பாயில் விழும் உடல் என்று சில கட்டங்களில் முடித்துவிடுகிறார். பார்வையாளர்களின் திகைத்த முகங்கள் மீதியைச் சொல்கின்றன.

1989 ஏப்ரலில் அசகா யுய் நாயகியாக நடித்த திரைப்படத்தை தோஹோ நிறுவனம் வெளியிட்டது. அதைவிடத் தொடரின் புகழைப் பரப்பியது அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய அனிமேதான். மேட்ஹவுஸ் கலைக்கூடம் உருவாக்க, மினாகுச்சி யூகோ யவாராவுக்குக் குரல் தந்தார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டியாக இருந்த மகளிர் ஜூடோ, 1992 பார்சிலோனாவில் முறையான பதக்கப் போட்டியாக ஆகவிருந்தது. அதனால் ஒவ்வொரு வாரமும் பகுதியின் முடிவில், பார்சிலோனாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று திரையில் எண்ணிக்கை காட்டினார்கள். புனைவின் நாயகிக்கும் நாட்டின் வீராங்கனைகளுக்கும் ஒரே நாட்காட்டி.

அந்த ஆண்டுகளில்தான் தமுரா ரியோகோ வந்தார். 1990இல் ஃபுகுவோகா சர்வதேசப் போட்டியில் 48 கிலோ பிரிவில் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 15. தன்னைவிடப் பெரியவர்களை எறியும் அந்தச் சின்னப் பெண்ணை நாடே 'யவாராச்சான்' என்று செல்லமாக அழைத்தது. சான்ஷிரோவின் பெயரைக் கடன் வாங்கிய தலைமுறைக்கு அடுத்ததாக, ஒரு கதாநாயகியின் பெயரையே சூடிய வீராங்கனை கிடைத்தார்.

கதையில் யவாரா பார்சிலோனாவில் 48 கிலோ பிரிவோடு எடை வரம்பற்ற பிரிவிலும் தங்கம் வெல்கிறாள். எடை வரம்பற்ற பிரிவு உண்மையில் 1984க்குப் பின் ஒலிம்பிக்கில் இல்லை. சிறியவள் பெரியவளை வெல்லும் காட்சிக்காக உராசாவா அதை வைத்துக்கொண்டார். நிஜத்தில் ஜப்பானிய மகளிர் அங்கே மூன்று வெள்ளியும் இரண்டு வெண்கலமும் பெற்றார்கள். தமுரா இறுதிப் போட்டியில் பிரான்ஸின் செசில் நோவாக்கிடம் தோற்றார்.

அனிமே 1992 செப்டம்பரில் நிறைவுற்றது. மங்கா அப்போது முடிந்திருக்கவில்லை. விட்டுப்போன முடிவைச் சொல்ல 1996 ஜூலையில் சிறப்புப் படம் ஒளிபரப்பானது. அதில் கதையின் களம் அட்லாண்டா ஒலிம்பிக். அந்த அட்லாண்டாவில் தமுரா, 84 ஆட்டங்கள் தொடர்ந்து வென்ற பிறகு, வட கொரியாவின் 16 வயது கியே சுன்-ஹுயிடம் இறுதியில் வீழ்ந்தார். ஜப்பானிய மகளிர் ஜூடோவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை அங்கே 61 கிலோ பிரிவில் எமோதோ யூகோ வென்றார். தமுராவுக்குத் தங்கம் 2000இல் சிட்னியில்தான் கிடைத்தது. திருமணமாகி தானி ரியோகோவாக 2004இல் ஏதென்ஸில் மீண்டும் தங்கம், தாயான பிறகு 2008இல் பெய்ஜிங்கில் வெண்கலம். பெயர் யவாராவுடையது, இந்தப் பிடிவாதம் ஃபுஜிகோவுடையது.