சின்ன வண்டிக்குப் பெரிய வேகம் வந்த வரலாறு



நாம் 'கப்சாய்' என்று அழைக்கும் சின்ன மோட்டார் சைக்கிள் ஓடாத தோட்டத்துச் சாலை இல்லை. அதற்கு இன்னும் வேகம் வேண்டும் என்று நம் இளைஞர்கள் சிலர் சைலன்சரைக் கழற்றுகிறார்கள். சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குகிறார்கள். இந்த ஆசை புதியதன்று. அதன் வரலாற்றை அறிந்துகொள்வது நமக்கு நல்லது.

போர் முடிந்த பின், 1946-ஆம் ஆண்டில், ஜப்பானில் சொய்சிரோ ஹோண்டா என்பவர் இராணுவத்தார் விட்டுச் சென்ற சிறு இயந்திரங்களைச் சைக்கிளில் பொருத்தி விற்றார். 1958-இல் அவருடைய நிறுவனம் 'சூப்பர் கப்' வண்டியை வெளியிட்டது. அதன் இயந்திரம் 49 சி.சி.; திறன் 4.5 குதிரைத்திறன். நம் கப்சாய்க்கு மூதாதை இதுவே.

இயந்திரத்தின் திறனைக் கூட்ட வழிகள் மூன்று. பால் மரம் வெட்டுபவர் அதிகப் பால் கொண்டுவர வேண்டுமானால், கூடுதல் மரம் வேண்டும். அல்லது ஒவ்வொரு மரமும் அதிகம் சுரக்க வேண்டும். அல்லது கை விரைவாக ஓட வேண்டும். அதுபோலவே இயந்திரத்தில் சிலிண்டரைப் பெரிதாக்கலாம். ஒவ்வொரு முறையும் அதிகக் காற்றையும் பெட்ரோலையும் உள்ளே நிரப்பலாம். அல்லது வேகமாகச் சுழல விடலாம்.

பந்தயத்தில் சிலிண்டரின் அளவுக்கு வரம்பு உண்டு. ஆகவே ஹோண்டா பொறியாளர்கள் மற்ற இரு வழிகளையும் பிடித்துக்கொண்டார்கள். 1959-இல் மேன் தீவுப் பந்தயத்தில் முதன்முதலாகக் கலந்துகொண்டு, 125 சி.சி. பிரிவில் ஆறாம் இடமும் குழுப் பரிசும் பெற்றார்கள். 1961-இல் அதே தீவில் 125, 250 சி.சி. பிரிவுகள் இரண்டிலும் ஹோண்டா வண்டியே வென்றது. ஓட்டியவர் மைக் ஹேல்வுட். 1966-இல் அவர்களுடைய 50 சி.சி. பந்தய வண்டி நிமிடத்திற்கு 21,500 சுற்றுச் சுழன்று, ஏறத்தாழ 14 குதிரைத்திறன் தந்தது. சூப்பர் கப்பின் அளவேதான். திறனோ மூன்று மடங்கு!

கிழக்கு ஜெர்மனியில் வால்டர் காடன் என்ற பொறியாளர் டூ-ஸ்ட்ரோக் இயந்திரத்தில் வேறொரு நுட்பம் கண்டார். புகைக்குழாயை நடுவில் அகன்று, முடிவில் குறுகும்படி வடிவமைத்தார். வெளியேறும் புகையின் அழுத்த அலை குறுகிய முனையில் மோதித் திரும்பி, தப்பியோட இருந்த புதிய எரிபொருளைச் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். அவர் குழுவின் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் ஸ்வீடனில் நடந்த பந்தயத்தின்போது மேற்கு நாட்டுக்குத் தப்பிச் சென்று, அந்த நுட்பத்தைச் சுசூகி நிறுவனத்துக்குக் கொடுத்தார். மறு ஆண்டே 50 சி.சி. உலகப் பட்டத்தைச் சுசூகி வண்டியில் வென்றார்.

நேயர்களே, இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. புகைக்குழாய் என்பது ஓசையை அடக்கும் தகரம் மட்டுமல்ல. இயந்திரத்தின் ஓர் உறுப்பு. டூ-ஸ்ட்ரோக் வண்டியில் அதை அறுத்தெறிந்தால் ஓசை கூடும், திறன் குறையும். ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியிலும் காற்று, பெட்ரோல் கலவையின் அளவு தவறினால் இயந்திரம் சூடேறிப் பிஸ்டன் பாழாகும். பந்தய இயந்திரத்தை அடிக்கடி பிரித்துப் பார்க்க ஒரு குழுவே உண்டு. மாதச் சம்பளத்தில் தவணை கட்டி வாங்கிய வண்டிக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். இயந்திரத்தைக் குடைந்தவர் பிரேக்கை மாற்றுவதில்லை. மழையில் நனைந்த செம்மண் பாதையில் அதன் பலன் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

இயந்திரத்தில் ஆர்வமுள்ள பிள்ளையைத் திட்டாதீர்கள். அந்த ஆர்வமே பட்டறை வைத்திருந்த ஹோண்டாவை உலகறியச் செய்தது. அவனைத் தொழிற்பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். அளந்து பார்த்து வேலை செய்யக் கற்கட்டும். வேகத்தை அறிந்தவன் நிறுத்தவும் அறிந்திருப்பான்.