பாட்டு நம்முடையது, காசு யாருடையது?

மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடினார். கணவர் நடேசய்யர் பேசுமுன் சனம் கூடுவது அந்தக் குரலுக்குத்தான். 1940இல் பாட்டுகளைச் சிறு நூலாகவும் அச்சிட்டார். பாட்டுப் புத்தகம் விற்ற காலத்தில் சில்லறை நேரே விற்றவர் கைக்கு வந்தது.

2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தபோது நாங்களும் திரும்பத் திரும்பக் கேட்டோம். கேட்காமல் இருப்போமா? பாடிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். யூடியூபில் கோடிக்கணக்கில் பார்த்தார்கள். ஆனால் 2024இல் சந்தோஷ் நாராயணன், தனக்கும் அறிவுக்கும் பாடகி தீக்கும் அதுவரை ஒரு சதமும் வரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார்.

ஸ்பொட்டிஃபை மாதிரித் தளங்கள் வருமானத்தில் ஒரு பகுதியை, எந்தப் பாட்டு எத்தனை தடவை ஓடியது என்று பார்த்துப் பங்கிடுகின்றன. பங்கு போவது உரிமையாளருக்கு. பாடியவருக்கு எவ்வளவு என்பதை ஒப்பந்தம்தான் சொல்லும். கொழுந்து நிறுக்குமிடத்தில் கழிவு பிடிப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாததல்ல. 2024 முதல் ஸ்பொட்டிஃபையில், 12 மாதத்தில் 1000 தடவை ஓடாத பாட்டுக்குப் பங்கே கிடையாது.

தப்படித்துப் பாடும் எங்கள் பிள்ளைகள் இருவர் போன மாதம் ஓர் ஒப்பந்தத்தோடு வந்தார்கள். "சேர், சைன் வைக்கவா?" உரிமை எத்தனை வருசத்துக்கு என்ற இடம் வெறுமையாக இருந்தது. இன்னும் வைக்கவில்லை.